அப்பா பாட்டு என்கிற கோப்பு

கம்ப்யூட்டர் தெரிந்தவன் வீட்டில்தான் எதுவும் பத்திரமாக இருக்காது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "யூபிஎஸ் பேட்டரிய மாத்துங்க, ரெண்டு எடத்துல காப்பி எடுத்து வைங்க" என்று வருகிறவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருப்பேன். இது நடந்தபோது என் கடை யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. (வேலையில் பிசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்பா கண்டாச்சிபுரம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்தவர். போனை நீட்டினால் மிரண்டு ஓடுவார். ஒருமுறை செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே மாதா கோயில் பாட்டு ஒன்றைப் பாடியபோது, வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பதிவு செய்தேன். எங்களிடம் இருந்த அவர் குரல் அது ஒன்றுதான். மாரடைப்பில் அவர் போன பிறகுதான் அது எவ்வளவு கொஞ்சம் என்று தெரிந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் அந்தப் பாட்டைப் போடவேண்டும் என்றாள் அம்மா. "அவரு கொரல ஒருவாட்டி கேட்டுட்டா போதும்டா."

போனிலிருந்து கடைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். காப்பி அல்ல, கட். போனில் இடம் இல்லை. (வாடிக்கையாளர் யாராவது இப்படிச் செய்திருந்தால் கடையை விட்டே இறக்கியிருப்பேன்.) 'முடிந்தது' என்று திரையில் வந்தது. உடனே கரண்ட் போனது.

நான் பதறவில்லை. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் ஜர்னல் என்று ஒன்று உண்டு. எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்பதை அது முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனாலும், எழுந்ததும் அதைப் பார்த்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடும். கரண்ட் வந்து பார்த்தால், 'அப்பா பாட்டு' அதே பெயரில், அதே அளவில் இருந்தது. ஜர்னல் இருக்கும்போது என்ன பேஜாரு என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு, திறந்துகூடப் பார்க்காமல் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். (திறக்காததற்கு உண்மையான காரணம் வேறு. தனியாக அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.)

கூடத்தில் மாலை போட்ட படம். முன்வரிசையில் அம்மாவும், அப்பாவின் அக்காவான அத்தையும். கடைசி வரிசையில், 'கடைக்கு வர்றவங்க' என்ற போர்வையில் திண்டிவனத்திலிருந்து வந்திருந்த கலைவாணி. நாங்கள் கட்டிக்கொள்ள நினைத்திருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவிடம் நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசிவரை நான் சொல்லவே இல்லை.

பட்டனை அழுத்தினேன். ஸ்பீக்கரில் ஒரு செருமல். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து வந்தது என் குரல்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திண்டிவனத்துல கலைவாணின்னு ஒரு பொண்ணு..."

கட்டைக் குரலில் பதில்: "நம்ம வேதக்காரப் பொண்ணாடா?"

"இல்லப்பா."

"மல்லாட்ட ஒடைக்குமா?"

"கத்துக்கும்ப்பா."

"சரி, அது கெடக்கட்டும். ஜல்தியா கூட்டிக்கினு வா."

அந்தக் கட்டைக் குரலும் நான்தான். அப்பாவிடம் பேச ஒத்திகை பார்த்து, அவர் சொல்லவேண்டியதையும் நானே சொல்லி, போனில் பதிவு செய்து, கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டுவிட்டு, வெட்கப்பட்டு அழித்தது. அழித்தால் பெயர்தான் போகும். வேறொன்று வந்து உட்காரும்வரை சரக்கு அங்கேயே கிடக்கும். அந்த இடத்தைத்தான் பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறது என் கம்ப்யூட்டர். முறையாக விட்டிருந்தால், பாட்டை எழுதி முடித்த பிறகுதான் ஜர்னல் பெயரை உறுதி செய்திருக்கும். வேகமாக ஓடட்டும் என்று அந்த வரிசையை மாற்றி வைத்த மேதை நான். திரையில் 'முடிந்தது' என்று வந்தபோது பாட்டு இன்னும் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. வாசலில் அப்பா பெயரை மாட்டியாயிற்று, அவர் குடிவருவதற்குள் கரண்ட் போயிற்று, உள்ளே பழைய குடித்தனக்காரன்.

யாரோ சிரித்துவிட்டார்கள். "இன்னாடா இது, எழவு வூட்டுல கூத்து?" என்று அத்தை எழுந்துவிட்டாள். கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா மட்டும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனிலிருந்து பாட்டை மீட்க எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தேன். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று முப்பதாம் நாளன்றும் உறவினர்கள் அனுப்பிய மெழுகுவத்திப் படங்கள் அந்த இடத்தை நிரப்பியிருந்தன. பாட்டு போனது போனதுதான். கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவிடம் சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன். "அன்னிக்குப் போட்டியே, அதப் போடு" என்றாள்.

"அம்மா, அது நான் பேசனது."

"எனக்குத் தெரியாதாடா? அந்த 'அது கெடக்கட்டும்' மட்டும் அவரு மாதிரியே இருக்குது. போடு."

கல்யாணப் பேச்சு வந்தபோது அத்தை முறுக்கிக்கொண்டாள். "அவரே கூட்டிக்கினு வரச் சொல்லிட்டாரு, நீ இன்னா நடுவுல?" என்று அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். இன்றும் வருஷத் திதிப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் "அப்பா பாட்டப் போடு" என்பாள். 'மல்லாட்ட ஒடைக்குமா' வரும்போது வீடே சிரிக்கும், கலைவாணி ஒரு மல்லாட்டையை உடைத்துக் காட்டுவாள். என் மகள், தாத்தா மாதிரி பேசு என்றால், அச்சு அசலாக என்னைப் போலப் பேசுகிறாள்.

நானும் சிரிப்பேன். பிறகு, வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்ட குரலை நினைத்துப் பார்ப்பேன். இப்போதெல்லாம் அதுவும் என் குரலில்தான் கேட்கிறது.