சீமையிலிருந்து வந்த பிடிமண்

மூன்றாவது பங்காளியின் தலை பாதி மழிக்கப்பட்டிருந்தபோதுதான் இங்கிலாந்திலிருந்து மகள் மணிமேகலையின் போன் வந்தது.

"அப்பா, நீ தெளிவா ஒரு போட்டோ கேட்டியேன்னு அந்தக் கல்லைத் தேய்ச்சுக் கழுவினேன். பாசிக்கு அடியில இன்னொரு வரி இருந்துச்சு."

"என்னாம்மா போட்டிருக்கு?"

"அது ஆளு சமாதி இல்லப்பா. குதிரை சமாதி."

கெலமங்கலம் ஏரிக்கரையில் நின்றிருந்த மாதேஸ்வரன், யார் காதிலும் விழாதபடி போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஓசூரில் கம்பெனி சூப்பர்வைசர் அவர். அவருடைய கொள்ளுத்தாத்தா வெங்கடசாமி, ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் குதிரைக்காரர். துரை ஊர் திரும்பியபோது கூடப் போனவர், போனவர்தான். காரியம் செய்யாத ஆத்மா என்று ஜோசியர் சொல்லிவிட, போர்வெல் வற்றினாலும் யானை ராகியை மிதித்தாலும் பழி வெங்கடசாமி தலையில்தான் விழும்.

போன மாதம் மகள் வீட்டுக்குப் போனவரை, மாப்பிள்ளை விசாரித்து அந்தத் துரையின் பங்களாவுக்கே சுற்றிப்பார்க்கக் கூட்டிப் போனார். தோட்டத்து மரத்தடியில் பாசி பிடித்த ஒரு கல். 'ஓசூரிலிருந்து வந்து பதினான்கு ஆண்டுகள் உண்மையாய் உழைத்தவர்' என்ற அளவுக்கு மாப்பிள்ளை படித்துச் சொன்னதுமே மாதேஸ்வரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். சுற்றிப்பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் அவரையும் படம் பிடித்தார்கள். ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து வந்தார். அதற்குத்தான் இன்று கருமாதி. ஓசூர் சாலை வரை பேனர், பதினோரு பங்காளிகளுக்கு மொட்டை.

பன்னிரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன் கோவிந்தப்பனும் வந்திருந்தார். நேற்று கட்டிப்பிடித்து, "எங்கப்பன்கூடச் செய்யாததை நீ செஞ்சிட்டடா" என்று அழுதிருந்தார். அந்த மனுஷனிடம் போய்க் குதிரை என்று எந்த வாயால் சொல்வது?

"அண்ணா, எமகண்டம் வரப்போவுது. மீதி மொட்டையை இன்னொரு நாளு வச்சுக்கலாம்."

கோவிந்தப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்படின்னா சீக்கிரம் முடிக்கணும். டேய் நாராயணப்பா, பஸ் ஸ்டாண்டு சலூன்ல இருக்கறவங்களையும் வண்டியில ஏத்திக்கினு வா!"

முடிதிருத்துபவர் மூர்த்தி ஒருவர் இருந்த இடத்தில் இப்போது நான்கு பேர். தலைமுடி மளமளவென்று விழுந்தது. பங்காளிகளில் இளையவன் பாஸ்கரனைப் பார்க்க அடுத்த வாரம் பெண் வீட்டார் வருகிறார்கள். அவன் சுருட்டை முடியும் போயிற்று.

"மூர்த்தி, மத்தவங்களுக்கு மொட்டை வேணாம், பூமுடியா ரெண்டு கொத்து மட்டும் எடுத்தாப் போதும்பா," என்றார் மாதேஸ்வரன் கெஞ்சலாக.

கோவிந்தப்பன் முகம் சிவந்தது. "ஏன்? எங்க தலையெல்லாம் உனக்கு அவ்ளோ எளக்காரமா? சீமைக்குப் போயிட்டு வந்தவன் மட்டும்தான் பேரனா?"

"ஐயோ, அப்படி இல்லண்ணா..."

"பின்ன நீ இன்னும் ஏன் உக்காரல?"

பன்னிரண்டு வருஷப் பகை மறுபடியும் தலைதூக்குவதைப் பார்த்துப் பதறிய மாதேஸ்வரன், சட்டென்று மூர்த்தி முன்னால் உட்கார்ந்தார். மொட்டையோடு நிற்கவில்லை. முப்பது வருஷம் வளர்த்த மீசையையும் மூர்த்தி கேட்காமலே எடுத்துவிட்டார். எழுந்தபோது கோவிந்தப்பன் ஓடிவந்து, மழித்த அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தப்பாப் பேசிட்டேன்டா. மீசையையே குடுத்துட்டியே. நீதான்டா வம்சத்தோட மானத்தைக் காப்பாத்துனவன்."

அதற்குமேல் தாங்கவில்லை. வெட்கம் மாதேஸ்வரனைப் பிடுங்கித் தின்றது. படையலில் கைக்குட்டை மண்ணுக்குப் பொட்டு வைத்து, பக்கத்தில் வெங்கடசாமிக்குப் பிடித்ததாகச் சொல்லப்படும் வேகவைத்த கொள்ளு வேறு வைத்திருந்தார்கள்.

"அண்ணா, என்னை மன்னிச்சிடு," என்று காலில் விழுந்தார். "அது தாத்தா சமாதி இல்ல. துரையோட குதிரை சமாதி. பொண்ணு இப்பத்தான் போன்ல சொன்னா. அவசரப்பட்டு உங்க எல்லாரையும் அசிங்கப்படுத்திட்டேன்."

பதினோரு மொட்டைகளும் வெயிலில் மின்னின. பாஸ்கரன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கோவிந்தப்பன் கொள்ளுப் படையலையும் மாதேஸ்வரனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எங்கடா நம்ம தாத்தா?" என்றார் உடைந்த குரலில்.

கடைசி வரிசையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மொட்டைக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் மெல்ல எழுந்தார். மூர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாருங்க? பங்காளிங்க பதினோரு பேரும் முடிஞ்சிட்டாங்களே?"

"நான் கோலாருங்க, பேனர்ல எங்க தாத்தா பேரைப் போன்ல பாத்துட்டு வந்தேன்," என்றார் பெரியவர் சங்கோஜமாக. "சீமைக்குப் போனது குதிரை மட்டும்தான், அதைக் கப்பல் ஏத்திவிட்டுட்டு கோலாருக்கு வந்து எங்க பாட்டியைக் கட்டிக்கினாரு வெங்கடசாமி தாத்தா, நான் உங்களுக்கெல்லாம் சித்தப்பா முறை."