முறுக்கு கியரும் மாப்பிள்ளை முறுக்கும்

இனி சாகும்வரை யோங் பெங் ஊர் ஹேமநாதனோடு பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. சிலர் சிகரெட்டை விடுகிறார்கள், மறுபடி பிடிக்கிறார்கள். சர்க்கரையை விடுகிறார்கள், மறுபடி தின்கிறார்கள். நான் ஹேமநாதனை விட்டேன். விட்டது விட்டதுதான்.

ஹேமநாதன் என் மனைவி புஷ்பவள்ளியின் கூடப்பிறந்த அண்ணன். அங்கேதான் சிக்கல்.

காரணம் கேட்பீர்கள். சொல்கிறேன். அவர் மகள் கல்யாணத்தன்று, “மாப்ள, ஐஸ் தீந்துபோச்சு, ஒரு நடை போய் வாங்கிட்டு வந்துருங்க” என்றார். இத்தனை பேர் இருக்க நம்மை நம்பிச் சொல்கிறாரே என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். இரண்டு மூட்டை ஐஸ். ஒன்று பின்னால், ஒன்று கால் இடுக்கில். எங்கெல்லாம் விறைத்தது என்று எழுத முடியாது. திரும்பி வந்து பார்த்தால், குடும்பப் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்தப் படம் இன்றைக்கும் அவர் வீட்டு ஹாலில் கதவளவுக்குத் தொங்குகிறதாம். அதில் பந்தல்காரர்கூட இருக்கிறாராம். நான் இல்லை.

போன மாதம் ஹேமநாதன் பேத்திக்குக் காதுகுத்து என்று செய்தி வந்தது.

“நீங்களும் வரணும்,” என்றாள் புஷ்பவள்ளி.

“நான் வந்தா ஐஸ் யாரு வாங்குறது?”

“பதினோரு வருஷமா அந்த ஐஸ் இன்னும் கரையலியா?”

“கரையாது.”

“கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். தலையில ஒரு கருப்பு மயிர் கிடையாது. இன்னும் என்னா மாப்பிள்ளை முறுக்கு?”

“முறுக்கு என் பிறப்புரிமை.”

“பல்லுதான் இல்ல,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். என் பல்லைப் பற்றிச் சொன்னாளா, வாதத்தைப் பற்றிச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இது இப்படி இருக்க, சைக்கிள் கதைக்கு வருகிறேன்.

எனக்கும் சர்க்கரை, அவளுக்கும் சர்க்கரை. கிளினிக்கில் டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். எங்கள் மகள் ரூபினி ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, குளுவாங்கில் ருக்னுதீன் பாய் கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். டயர் டிராக்டர் டயர் மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம். கியரில் மட்டும் வித்தியாசம்.

“ரெண்டுலயும் எட்டு கியர்தான் அண்ணே,” என்றார் பாய். “இது தட்டுற கியர். பெருவிரலால தட்டினா மிதிக்க லேசாகும். சுட்டுவிரலால இழுத்தா கனமாகும். அது முறுக்குற கியர். கைப்பிடியையே முறுக்கணும்.”

“எந்தப் பக்கம்?”

“உங்க பக்கமா முறுக்கினா லேசு. ஏத்தத்துக்கு. அந்தாண்ட முறுக்கினா கனம். சமதரைக்கு, எறக்கத்துக்கு.”

“எது நல்லது பாய்?”

பாய் இரண்டையும் விற்க வேண்டியவர். “முறுக்குறதுல ஒரே முறுக்குல எட்டுலேருந்து ஒண்ணுக்குப் போயிரலாம். கீழ விழுந்தாலும் ஒடியறதுக்கு ஒண்ணும் நீட்டிக்கிட்டு இல்ல. ஆனா பள்ளத்துல கெட்டியாப் பிடிச்சீங்கன்னா அதுவா மாறிக்கும். கை வேர்த்தா வழுக்கும். அதுலயும் மோட்டார் ஓட்டுன கைக்கு அது...”

அதற்குள் நான் சீட்டை அமுக்கிப் பார்க்கப் போய்விட்டேன்.

புஷ்பவள்ளி முறுக்குற கியரை எடுத்துக்கொண்டாள். இருபது வருஷம் கையுறை ஆலையில் அச்சிலிருந்து கையுறை உருவியவள். பெருவிரலில் வலி. எனக்குத் தட்டுற கியர். ஐயோ அலமாக், அன்றே நான் ஏமாந்தேன்.

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அதற்குள் ஒரு செம்மண் சாலை இறங்கி, கொஞ்சம் சமமாக ஓடி, பிறகு ஒரு குன்றின் மேல் ஏறும். உச்சியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. முதல் நாள் அந்த ஏற்றத்தில் நான் தட்டினேன். ஒரு தட்டு, ஒரு கியர். இன்னொரு தட்டு, இன்னொரு கியர். நான் எட்டிலிருந்து ஐந்துக்கு வருவதற்குள் சைக்கிள் நின்றுவிட்டது. நின்ற சைக்கிளில் மனிதன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகள் மேல் விழுந்தேன். தட்டுகிற கம்பி வளைந்தது. முழங்காலில் முள்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

புஷ்பவள்ளி ஏறிக்கொண்டிருந்தாள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் கையை ஒரு முறுக்கு முறுக்கினாள். ஒரே முறுக்கு. ‘கர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். எட்டுப் பல்சக்கரத்திலும் சங்கிலி படிக்கட்டு ஏறுவது மாதிரி ஏறிப் போனது. அவள் சும்மா உட்கார்ந்து, தையல் மிஷின் மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டு போனாள். வேர்வை இல்லை, மூச்சு இல்லை. சேலைக்குப் பதில் ரூபினியின் பழைய டிராக் பேண்ட். சூரியன் அவளுக்குப் பின்னால் எழுந்தது. நான் மட்டைக்குள் மல்லாந்து கிடந்தபடி வாயைப் பிளந்து பார்த்தேன். வாய்க்குள் ஒரு கொசு போயிற்று. அப்போதும் மூடவில்லை.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவளை அப்படி அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளையா, கியரையா என்று கேட்டால், அன்றைக்கு நான் கியர் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆண்பிள்ளை அப்படித்தான் நினைப்பான்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. நான் விழுவேன், அவள் ஏறுவாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய யோசனை. அந்தக் கியர் மட்டும் என் கைக்கு வந்தால்? நாற்பது வருஷம் கப்சாய் மோட்டார் ஓட்டி ஆலைக்குப் போய் வந்த கை இது. முறுக்குவதில் இதைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது?

காதுகுத்துக்கு ஐந்து நாள் இருந்தது. நான் வலது பெருவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

“என்னாச்சு விரலுக்கு?” என்றாள்.

“சுளுக்கு. தட்டித் தட்டி.”

“நேத்து அது இடது கையில இருந்துச்சே?”

“பரவிருச்சு.”

அவள் குழம்பை ஊற்றினாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

“புஷ்பா, ஒரு பந்தயம். நாளைக்குக் காலையில, இங்கேருந்து தண்ணித் தொட்டி வரைக்கும். நான் ஜெயிச்சா இந்த வீட்டுல யோங் பெங் பேச்சே எடுக்கக்கூடாது. நீ ஜெயிச்சா உங்கண்ணன்கிட்ட நான் பேசுறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா. ஆனா பாரு, விரலு இப்படி இருக்கு. நீ என்னோடதை ஓட்டு, நான் உன்னோடதை ஓட்டுறேன்.”

“ஐயோ, அது உங்களுக்குச் சரிப்படாதுங்க. அது மோட்டார் இல்ல.”

“ஏன், பயமா?”

“பயமெல்லாம் இல்ல லா. பாய் சொன்னதை நெனச்சேன். மோட்டார் ஓட்டுன கைக்கு அது ஏறுக்குமாறா இருக்கும்னு...”

“பாய்க்கு என்னா தெரியும் என் கையைப் பத்தி?”

“எனக்கும் விரல் வலிக்குமே.”

“ஒரு நாள்தானே.”

மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “சரி, உங்க இஷ்டம்” என்றாள். நான் அன்று இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்தேன். தோற்றாலும் எனக்கு ஒரு சந்து இருந்தது. பேசுகிறேன் என்றுதான் சத்தியம். எப்போது என்று சொல்லவில்லையே. அடுத்த வருஷம்கூடப் பேசலாம். அதற்கடுத்த வருஷமும் இருக்கிறது.

காலை ஏழு மணி. இறக்கத்தில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம்.

சமதரை வந்ததும் வேகம் எடுக்க நினைத்தேன். கை தானாகவே செய்தது. நாற்பது வருஷப் பழக்கம், என்னைக் கேட்கவில்லை. என் பக்கமாக ஒரு முறுக்கு. மோட்டாராக இருந்தால் பறந்திருக்கும். இங்கே ‘கர்ர்ர்’ என்றது. திடீரென்று மிதிக்கட்டையில் கனமே இல்லை. கால் இரண்டும் மிக்சி பிளேடு மாதிரி சுழல்கிறது, சைக்கிள் நத்தை மாதிரி போகிறது. போதவில்லை என்று கை நினைத்தது. இன்னும் முறுக்கிற்று. கால் இன்னும் சுழன்றது. வழியில் புல் வெட்டிக்கொண்டிருந்த கருப்பாயி அக்கா வெட்டுவதை நிறுத்திவிட்டு, “யாரும் தொரத்துறாங்களா அய்யாவு?” என்று கேட்டார்.

புஷ்பவள்ளி என்னைத் தாண்டிப் போனாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏறுக்குமாறு! வேகத்துக்கு அந்தாண்ட முறுக்கணும். முறுக்கினேன். பிடித்தது. ஆகா, என்ன பிடி! ஒரு மிதிக்கு மூன்று செம்பனை மரம் பின்னால் ஓடியது. பெருவிரல் தேடவேண்டியதில்லை, கண் கீழே பார்க்கவேண்டியதில்லை, கைக்குள்ளேயே எட்டு கியரும் குடியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நான் அவளைத் தாண்டினேன். “போய்ட்டு வரேன் புஷ்பா!” என்று கத்தினேன்.

ஏற்றம் வந்தது.

என் கைக்கு இப்போதுதான் ஒரு புதுப் பாடம் ஏறியிருந்தது: முன்னேற வேண்டுமானால் அந்தாண்ட முறுக்கு. பழைய வழக்கப்படி விட்டிருந்தால் ஏற்றத்தில் அதுவே சரியாக முறுக்கியிருக்கும். நான்தான் திருத்திவிட்டேனே! அந்தாண்ட முறுக்கினேன். சைக்கிள் கல்லுருளை ஆனது. பயந்துபோய் இந்தாண்ட முறுக்கப் பார்த்தேன். கை வேர்த்து வழுக்கிற்று. பாய் சொன்னது. பள்ளம் வந்தது, கெட்டியாகப் பிடித்தேன். கியர் தன்னிஷ்டத்துக்கு மாறிற்று. அதுவும் பாய் சொன்னதுதான். அந்த மனிதர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

காலை ஊன்றிவிட்டேன்.

பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு ‘டக், டக்’. ஏற்றம் வருவதற்குப் பத்தடி முன்பிருந்தே அவள் தட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றொன்றாக, நிதானமாக, பூத் தொடுக்கிற மாதிரி. அதுதான் தட்டுற கியரின் சூட்சுமம். முன்கூட்டியே தட்டவேண்டும். பள்ளத்தில் குதித்தாள், கியர் அசையவில்லை.

“விரல் வலிக்கலியா?” என்றேன்.

“பெருவிரலாலதான் தட்டணும்னு யாரு சொன்னா? உள்ளங்கையால தட்டலாம்.”

“எப்பக் கத்துக்கிட்ட?”

“நீங்க மத்தியானம் தூங்குறப்ப. பத்து நாளா.”

பத்து நாளா! நான் பந்தயம் கட்டியதே நேற்றுதான். அவள் அதற்குள் வளைவில் மறைந்துவிட்டாள். நான் அங்கேயே நின்று அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறுக்குற கியரில் ஏறினாள். தட்டுற கியரிலும் ஏறினாள். இத்தனை நாளும் நான் அண்ணாந்து பார்த்தது கியரை இல்லை. அது தெரிந்தபோது எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மீதி ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். வெயில் ஏறிவிட்டது. நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் போத்தல் என் சைக்கிளில், அதாவது அவளிடம் இருந்தது. பரவாயில்லை. என் சந்து எனக்கு இருக்கிறது. பேசுகிறேன், அடுத்த வருஷம்.

உச்சிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி காய்ந்து துருப்பிடித்துக் கிடந்தது. அதன் நிழலில் ஒரு கார். காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் பெரிய தெர்மோஸோடு உட்கார்ந்திருந்தார் ஒருவர். தலை நரைத்து, கொஞ்சம் இளைத்து. ஹேமநாதன்.

பக்கத்தில் புஷ்பவள்ளி. என் போத்தலைக் கவிழ்த்து முகம் கழுவி முடித்திருந்தாள். கடைசிச் சொட்டு செம்மண்ணில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

“ஆறு மணிக்கே வந்துட்டாருங்க,” என்றாள். “முந்தாநாளே இங்க வரச் சொல்லியிருந்தேன்.”

முந்தாநாள்! பந்தயத்துக்கும் முந்தின நாள்!

நான் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தெர்மோஸைக் கையால் காட்டினேன்.

“என்னா தங்கச்சி, மாப்ள என்னத்தையோ காட்டுறாரு?”

“தெரியலியேண்ணே. காரு நல்லாருக்குங்கறாரோ?”

நான் கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலில் இன்னும் துணி சுற்றியிருந்தது.

“விரல் வலிக்குதாம்ணே. பரவியிருக்கும்.”

ஹேமநாதன் மூடியைத் திறந்து, அதில் மெதுவாக ஊற்றினார். சர்பத். அதன் வாசனை குன்று முழுக்கப் பரவிற்று. “ஏதாச்சும் வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க மாப்ள,” என்றார். “நான் எங்கயும் போகல.” அவர் குரல் கொஞ்சம் கரகரத்தது. சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவது அடக்கினாரா, நான் பார்க்கவில்லை. என் கண் முழுக்க மூடியில் இருந்தது.

ஒரு நிமிஷம் நின்றேன். அது பெரிய நிமிஷம்.

“குடுங்க,” என்றேன்.

குடித்தேன். பதினோரு வருஷமாகக் கட்டிக்காத்த வைராக்கியம் ஒரே மடக்கில் போயிற்று. மூடியைத் துடைத்து அவரிடம் நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மச்சான்,” என்றேன்.