டப்பா இல்லாத மூடிகள்

தூக்கிப் போடாதவர் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துவரும் இனமோ என்று கவலைப்படாதீர்கள். இவர்களிடம் எதுவுமே அழிவதில்லை, அதுதான் தொல்லையே.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். பரிசுப் பொட்டலத்தின் வண்ணக் காகிதம் கிழியாதபடி நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிரிக்கிறவர். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்க, பார்சல் கயிற்றின் முடிச்சோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர். மை தீர்ந்த பேனாவை உதறி, ஊதி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, அது செத்துவிட்டது என்று ஐயமறத் தெரிந்த பிறகு மறுபடியும் சட்டைப் பையிலேயே செருகிக்கொள்கிறவர். ஏன் சார், அதுதான் எழுதலையே என்று கேட்டுப் பாருங்கள்.

"மூடி நல்லா இருக்கே!" என்பார்.

நம்முடைய ஆள் ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பாதுகாக்கும் பிரிவில் இருந்தார். பாம்பைப் பிடித்துப் புற்றில் உட்கார வைத்த மாதிரி. எதைக் குப்பைக்கு அனுப்பலாம் என்று கேட்டாலும் "இருக்கட்டும்" என்பார். அதனால் அவர் பெயரே "இருக்கட்டும் சார்" என்று ஆகிவிட்டது. அவர் வீட்டின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷத்துச் சேகரிப்பு இருந்தது. டப்பா இல்லாத மூடிகள் ஒரு மூட்டை. மூடி இல்லாத டப்பாக்கள் ஒரு மூட்டை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று நீங்கள் கேட்பீர்கள். பொருந்தாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, "சோதித்தாயிற்று" என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். "ஓடாத கடிகாரம்: முள் நல்ல நிலை", "குடைக் கைப்பிடி: குடை கிடைத்தால் மாட்டவும்", "செருப்பு மூன்று, மூன்றும் இடது." எல்லாவற்றுக்கும் அட்டை.

அப்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு சனிக்கிழமை வருகிறாள், ஆறு மாதம் தங்கப் போகிறாள்.

"அப்பா, பின்னாடி ரூம் காலியா இருக்கும்ல?"

"இருக்கும்மா, இருக்கும்" என்றார். வாய் சொல்லிவிட்டது.

மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "இதோ பாருங்க, சனிக்கிழமை அந்த ரூம்ல ஒண்ணு குழந்தை இருக்கணும், இல்லே உங்க மூட்டை இருக்கணும். மூட்டைதான்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கிளம்பி பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பேத்தியைப் போனில்தான் பார்த்திருந்தார். கையில் வாங்க வேண்டும் என்று உள்ளே தவித்துக்கொண்டுதான் இருந்தது. ஆகவே மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, ஒரே ஒரு மூடியை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அந்த மூடியும் இருந்தது, யாரோ எறிந்துவிட்ட மின்விசிறியின் கம்பிக்கூடும் இருந்தது.

இனி இவரை நம்பிப் பயனில்லை என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். கழிவுப் பொருட்களில் கலைக் கண்காட்சி, யாரும் கலந்துகொள்ளலாம்.

"தூக்கிப் போடுங்கன்னு சொன்னேனா? காட்சிக்கு வைங்கன்னுதானே சொல்றேன்."

காட்சிக்கு! அந்த ஒரு சொல்லில் மனிதர் உருகிப்போனார். கண்காட்சிக் கூடத்தில் டயரில் யானை நின்றது. பாட்டில் மூடிகளில் மீன் நீந்தியது. பழைய கம்ப்யூட்டர் விசைகளை இலையாகத் தொங்கவிட்டு ஒருவர் மரம் செய்து, அதன் அடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம்மவர் இரண்டு வேன் சரக்கை ஒரு மூலையில் இறக்கி, சரிந்துவிடக் கூடாதே என்று கம்பியால் சுற்றிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் "படைப்பின் உட்கருத்து" என்று ஒரு கட்டம் இருந்தது. பொய் சொல்லத் தெரியாதவர். "வீட்டில் இடமில்லை" என்று எழுதினார்.

நடுவராக வந்தவர் ஓவியக் கல்லூரித் தலைவி. யானையைத் தாண்டினார், மீனைத் தாண்டினார், இந்தக் குவியல் முன்னால் நின்றார். உட்கருத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டில் இடமில்லை! ரெண்டே வார்த்தையில மனுஷ குலத்தோட மொத்தத் துயரத்தையும் சொல்லிட்டீங்களே சார்! இந்த மூணு செருப்பு... மூணுமே இடது. என்ன துணிச்சல்!"

"வலது கிடைக்கலைங்க" என்றார் நம்மவர்.

"யாருக்குத்தான் கிடைச்சிருக்கு!" என்றார் தலைவி. முதல் பரிசு. அதோடு விட்டாரா? "இதை எங்க கல்லூரி முன்கூடத்துல நிரந்தரமா வெச்சுக்கறோம். சம்மதமா?"

இவர் வாயைத் திறப்பதற்குள் "சம்மதம்" என்று ஒரு குரல் கேட்டது. மனைவியுடையது. இவர் கண்ணில் நீர் வழிந்தது. படைப்பாளியின் ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னறை பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய குழந்தைக் கட்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று கால் நின்றது. நாலாவது காலுக்கு ஸ்க்ரூ இல்லை.

வீடு முழுக்கத் தேடினார்கள். இத்தனை வருஷமாகக் கால் வைத்த இடமெல்லாம் ஸ்க்ரூ குத்திய வீட்டில், மருந்துக்குக்கூட ஒரு ஸ்க்ரூ இல்லை. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவரோ துள்ளி எழுந்தார்! வந்தே விட்டது ஐயா, அவர் காத்திருந்த அந்த நாள்! "மரக்கட்டில் ஸ்க்ரூ, நீளம்" என்று அட்டை எழுதியதுகூட நினைவிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு ஓடினார்.

குவியலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. "தொடாதீர்கள்" என்று பலகை. பக்கத்தில் ஒரு காவலாளி.

"ஒரே ஒரு ஸ்க்ரூப்பா. அதோ, அந்தக் கடிகாரத்துக்குக் கீழே."

"கயிறைத் தாண்டாதீங்க சார்."

"நான்தான்ப்பா இதைச் செஞ்சவன்!"

"நேத்துகூட ரெண்டு பேர் இப்படித்தான் சொன்னாங்க."

சத்தம் கேட்டுத் தலைவியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. "ஒரு ஸ்க்ரூவை எடுத்தா மொத்தச் சமநிலையும் போயிடும் சார். நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

"குழந்தை படுக்கணும்மா..."

"படைப்பு முடிஞ்சதும் அது படைப்பாளிக்குச் சொந்தமில்லை சார்" என்று அவர் தோளைத் தட்டி, வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

வாழ்நாளில் முதல்முறையாக உதவ வேண்டிய பொருள் கண்ணெதிரே கிடக்க, அவர் இரும்புக்கடைக்கு நடந்தார். கடைக்காரர் ஒற்றை ஸ்க்ரூ தரமாட்டேன், டஜன் பாக்கெட்தான் என்றார். வாங்கினார். கட்டில் நின்றது. சனிக்கிழமை பேத்தி வந்து, தாத்தாவின் சட்டையை நனைத்துவிட்டு, அந்தக் கட்டிலில் சுகமாகத் தூங்கினாள். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்காக இன்னும் நாலு அறையைக் காலி செய்யலாம் என்று தோன்றியது.

அத்தோடு மனிதர் திருந்தியும்விட்டார். சத்தியமாக. மீதிப் பதினொரு ஸ்க்ரூவையும் பாக்கெட்டோடு எடுத்துக்கொண்டு, மனத்தில் சலனமே இல்லாமல், குப்பைத்தொட்டியைப் பார்த்து நடந்தார்.

"ஏங்க, நில்லுங்க! அதை எங்கே எடுத்துட்டுப் போறீங்க?"

மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "புத்தம்புது ஸ்க்ரூவை யாராவது எறிவாங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?" என்று சொல்லி, காலியாகியிருந்த பால்மாவு டப்பாவைத் துடைத்து, உள்ளே போட்டு மூடி, பின்னறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். வைத்த இடத்தைச் சற்றுத் தள்ளி நின்று திருப்தியோடு பார்க்கவும் செய்தாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பூட்டு எத்தனை? நாலா? சரி. இழுப்பறையில் சாவி எத்தனை? போய் எண்ணிவிட்டு வந்து சிரியுங்கள்.