உறுப்புவாரியாக ஒரு தொப்பி

ஒரு மனிதருக்குத் தலை இருக்கிறது. அந்தத் தலை வெயிலில் நிற்கிறது. ஆகவே அதற்கு ஒரு தொப்பி வேண்டும். இதில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை என்று பொருள்.

பொதுத் தேவைகள் தலைமை அலுவலகத்தின் வாயிற்காவலரும் அப்படித்தான் நினைத்தார். பாவம், பதினாறு வருடமாக அவர் வேலை பார்த்தது அலுவலகத்துக்கு வெளியேதான்.

அவர் தலையில் ஒரு முடி கிடையாது. வாசலில் ஒரு மரம் கிடையாது. இருந்த ஒரே மரத்தையும் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று வெட்டிவிட்டார்கள். அந்தக் கோடையில் காவலர் இரண்டு தடவை மயங்கி விழுந்தார். இரண்டாம் தடவை விழுந்த சமயம் பார்த்து இயக்குநரின் கார் வந்து தொலைத்ததால், சல்யூட் அடிக்காமல் படுத்திருந்ததற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இன்னொரு தடவை விழுந்தால் உடல்தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அதன் அடியில் ஒரு வரி இருந்தது. டாக்டரோ தலையை மூடு, இல்லையென்றால் வேலையை விடு என்று சொல்லிவிட்டார்.

"வேலையை விட்டா சோத்துக்கு என்ன பண்றது? போய் ஒரு தொப்பி கேளுங்க. கேட்டா நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

அவளுக்கு அந்த அலுவலகத்தின் மேல் ஏற்கெனவே கடுப்பு. தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கேட்டு அவள் மனு கொடுத்து ஏழு வருடம் ஆகிறது. மனு பரிசீலனையில் இருக்கிறது. அவள் தினமும் வாளியோடு அலுவலக வாசலைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் குழாய்க்குப் போய்வருகிறாள்.

காவலர் சொந்தமாக ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. அலுவலகம் வழங்காத எந்தப் பொருளையும் சீருடையில் இருப்பவர் உடம்பின் மேல் வைக்கக்கூடாது என்பது விதி. ஒருநாள் துண்டைப் போட்டுப் பார்த்தார். அதற்கும் ஓலை வந்தது. குடை பிடிக்கலாம் என்றால், வலது கை சல்யூட்டுக்கு, இடது கை கேட்டுக்கு. மூன்றாவது கையை அலுவலகம் வழங்கவில்லை.

ஆகவே அவர், 'ஐயா, எனக்கு ஒரு தொப்பி வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. பண்டகசாலைக் கண்காணிப்பாளர் அவரை உள்ளே கூப்பிட்டார். இந்தக் கண்காணிப்பாளருக்கு 'ஆட்சேபணை' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு, அது யாருக்கும் ஞாபகமில்லை. தங்கமான மனுஷன். யார் மீதும் கோபப்பட்டதில்லை, எந்த விண்ணப்பத்தையும் அனுமதித்ததுமில்லை.

"தொப்பின்னு ஒரு பொருள் நம்ம பதிவேட்டுலயே இல்லையே" என்றார் ஆட்சேபணை, உண்மையான வருத்தத்தோடு.

"அப்போ என்ன சார் இருக்கு?"

"உறுப்புகள் இருக்கு. எது வேணும்னு உறுப்புவாரியா எழுதணும்."

முன்னொரு காலத்தில் யாரோ 'மேசை' என்று மட்டும் எழுதிவிட்டார்களாம். இழுப்பறை இல்லாத மேசை வந்ததாம். இழுப்பறை மேசையில் சேர்த்தியா இல்லையா என்ற விசாரணை ஒன்பது வருடம் நடந்ததாம். அன்றிலிருந்து நாற்காலி கேட்பவர்கள் கால் நான்கு, கை இரண்டு, முதுகு ஒன்று என்று கேட்கிறார்கள். முதுகை எழுத மறந்த ஒருவர் கணக்குப் பிரிவில் இன்றைக்கும் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். நேர்மையானவர் என்று அவருக்கு நல்ல பெயர்.

காவலர் விடுமுறை நாளில் ஒரு தொப்பிக் கடைக்குப் போனார். வாங்க வரவில்லை, பெயர் கேட்க வந்தேன் என்றதும் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மனம் இரங்கி ஒரு தொப்பியை எடுத்துக் காட்டினார். மேலே எழும்பி நிற்பது உச்சி. சுற்றிலும் நீட்டிக்கொண்டிருப்பது விளிம்பு, நிழல் தருவது அதுதான். உச்சியின் நடுவே நீளவாக்கில் இருப்பது பள்ளம். முன்பக்கம் இரண்டு விரலால் அழுத்திய மாதிரி இருப்பது கிள்ளல். உச்சியும் விளிம்பும் சேரும் இடத்தைச் சுற்றி நாடா, நாடாவின் இடப்பக்கம் முடிச்சு. உள்ளே நெற்றியில் படுவது வியர்வைப் பட்டை, அதற்கு மேலே வழவழவென்று உள்துணி. காவலர் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து, எட்டு உறுப்புகளையும் எழுதிக் கொடுத்தார்.

எட்டு உறுப்பு என்றால் எட்டுப் பிரிவு. விளிம்பு நிழல் தருவதால் அது கூரை வகை என்று கட்டடப் பிரிவுக்குப் போனது. அவர்கள் அஸ்திவாரத்தின் வரைபடம் கேட்டார்கள். காவலர் தன் தலையைக் காட்டினார். வியர்வைப் பட்டை வடிகால் பிரிவுக்குப் போனது. பள்ளம் பராமரிப்புப் பிரிவுக்குப் போனது. பள்ளத்தை மூடுவதுதான் தங்கள் வேலை, புதிதாகப் பள்ளம் வழங்க இயலாது என்று அவர்கள் கறாராக எழுதினார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் இயக்குநர் ஒரு வெளிநாட்டு மாநாட்டிலிருந்து தலையில் தொப்பியோடு வந்து இறங்கினார். அடுத்த வாரம் துணை இயக்குநர்கள் தலையில் தொப்பி. அதற்கடுத்த வாரம் குமாஸ்தாக்கள் தலையிலும் தொப்பி. குளிரூட்டிய அறைகளில் நாற்பத்தொரு தொப்பிகள் உலவின. "உங்க கிள்ளல் இந்த வாரம் கொஞ்சம் ஆழமா இருக்கே" என்று வராந்தாவில் குசலம் விசாரித்துக்கொண்டார்கள். விதி சீருடைக்காரர்களுக்கு மட்டுமே என்பதால் அவர்கள் யாருக்கும் படிவம் தேவைப்படவில்லை. தொப்பி இல்லாத தலை அந்த வளாகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது வெயிலில் நின்றது.

தொப்பி பற்றி ஏற்கெனவே ஒரு கோப்பு இருப்பது இயக்குநர் காதுக்குப் போனது. காவலர் நமக்கு விடிவுகாலம் வந்தாச்சு என்று நினைத்தார். இயக்குநர் உடனே ஒரு கலைச்சொற் குழுவை அமைத்தார். இயக்குநரின் தொப்பியில் இருப்பதும் உச்சி, குமாஸ்தாவின் தொப்பியில் இருப்பதும் உச்சி என்றால் நிர்வாகம் எப்படி நடக்கும்? குழு ஆழ்ந்து விவாதித்து, இயக்குநருக்குச் சிகரம், அதிகாரிகளுக்கு உச்சி, குமாஸ்தாக்களுக்கு மேடு என்று முடிவு செய்தது. காவலருக்கு என்ன என்பதில் மட்டும் இழுபறி. பதினொரு கூட்டம் நடத்தி, 'சமதளம்' என்று தீர்மானித்தார்கள்.

ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பும் கோப்பில் சேர்ந்தது. ஒவ்வொரு குறிப்பிலும் விண்ணப்பதாரர் கையெழுத்து வேண்டும் என்பதால் கோப்பு அடிக்கடி வாசலுக்கு வந்துபோனது. முதலில் விரல் கனம் இருந்தது, பிறகு செங்கல் கனம், கடைசியில் தலையணை கனம்.

ஒருநாள் உச்சிவெயிலில் கோப்பு வந்து சேர்ந்தபோது காவலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் தள்ளாடியது. மூன்றாம் தடவை விழுந்தால் வேலை போச்சு. யோசிக்கவெல்லாம் நேரமில்லை, கையிலிருந்த கோப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

அப்பாடா என்றிருந்தது. அட்டை நாலு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிழல் தந்தது. பதினொரு கூட்டத்தின் குறிப்புகளைத் தாண்டி ஒரு சொட்டு வெயில் உள்ளே வரவில்லை. கோப்பின் நாடாவைத் தாடைக்கு அடியில் கட்டிக்கொண்டார். அந்நேரம் பார்த்து இயக்குநரின் கார் வந்தது. காவலர் சல்யூட் அடித்தார். கோப்பு அசையவில்லை, கார் நின்றுவிட்டது.

ஆட்சேபணை விதிப்புத்தகத்தோடு ஓடிவந்தார். பொருள் அலுவலகம் வழங்கியதா? வழங்கியதுதான், எண்ணும் முத்திரையும் இருக்கின்றன. உடம்பின் மேல் வைக்கலாமா? கனமான கோப்புகளைத் தலையில் சுமக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆட்சேபணை புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, தன் பணிக்காலத்தில் முதன்முறையாக, ஆட்சேபணை இல்லை என்றார். இயக்குநர் மகிழ்ந்துபோய் அங்கேயே குறிப்பு எழுதினார்: 'தேவை பூர்த்தியானது. கோப்பை முடித்து ஆவண அறைக்கு அனுப்பவும்.'

காவலருக்குப் பகீரென்றது. கோப்பு முடிந்தால் கோப்பு போய்விடும். கோப்பு போனால் மறுபடியும் மொட்டை வெயில். பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவர் அலுவலகத்துக்கு உள்ளே இருப்பவர் மாதிரி யோசித்தார். பேனாவை எடுத்து எழுதினார்: 'முடிச்சு இடப்பக்கம் என்று உள்ளது. அணிபவரின் இடமா, எதிரே நின்று பார்ப்பவரின் இடமா? தெளிவுபடுத்துமாறு பணிவன்புடன் கோருகிறேன்.'

அதைப் படித்த ஆட்சேபணைக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு ஆளை இத்தனை வருஷம் வெளியில நிறுத்தி வச்சிருந்தோமே" என்றார். கோப்பு மறுபடியும் திறக்கப்பட்டது.

ஒரு வருடம் போனது. அதற்குள் நாகரிகம் மாறிவிட்டது. தொப்பி பழசு, கோப்புதான் புதுசு என்று ஆகி, துணை இயக்குநர்கள் தலையில் இரண்டு விரல் கனக் கோப்போடும், குமாஸ்தாக்கள் தாள் இரண்டோ மூன்றோ உள்ள சின்னக் கோப்புகளோடும் நடமாடினார்கள். கனம் கூடக் கூட மரியாதையும் கூடியது. ஆகவே எவரும் தன் கோப்பை முடித்துவைக்கவில்லை. முடித்தால் தலை காலியாகிவிடுமே.

அப்போதுதான் எந்தப் பிரிவு கண்ணயர்ந்ததோ, காவலருக்கு ஒரு தொப்பி வந்து சேர்ந்தது. எட்டு உறுப்புகளும் பொருந்திய, அம்சமான தொப்பி. ஆட்சேபணையே அதைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கோப்பைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"தொப்பின்னு ஒரு பொருள் நம்ம பதிவேட்டுலயே இல்லையே சார்" என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் மனைவி காலி வாளியோடு வந்து நின்றாள். தொப்பி வந்ததாமே, எங்கே என்று கேட்டாள். திருப்பி அனுப்பிய விவரத்தைக் காவலர் பெருமையாகச் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, அது போகட்டும். நம்ம தெருக் குழாய் மனுவையாவது யார்கிட்ட இருக்குன்னு கேட்டீங்களா?"

அந்நேரம் இயக்குநரின் கார் வந்தது. உள்ளே அவர் தலையில், அந்த அலுவலகத்திலேயே மிகக் கனமான, எட்டு வருடக் கோப்பு பச்சை நாடாவோடு வீற்றிருந்தது. காவலர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"கேட்டேன். அதோ போகுது பாரு, நம்ம மனுதான். அவருக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு" என்றார்.

அவள் காலி வாளியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டு போன கைப்பிடியைக் காவலர் அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முறையான பெயர் என்ன என்று தெரியாததால், ஒரு விளக்கம் கேட்டு எழுதினார்.