நீடித்த வளர்ச்சி நிபுணர் லாசன் கபாசோ

பூமிக்கு அடியில் செம்பு கிடைக்கும் இடங்களிலெல்லாம் பூமிக்கு மேலே ஓர் உயிரினம் கிடைக்கும். அதற்கு நீடித்த வளர்ச்சி நிபுணர் என்று பெயர். எங்கள் செம்புச் சீமையில் மாமரத்துக்கு அடுத்தபடி அதிகமாக விளைவது இதுதான். கழுத்தில் பெயர் அட்டை, எங்கள் ஊர் அக்டோபரின் கொளுத்தும் வெயிலிலும் கழற்றாத கோட்டு, கையில் யாரோ வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் என்று ஒருவர் ஓட்டல் வாசலில் நின்று, "நம்ம கனிமம் நமக்கு வரமா, சாபமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் நீங்கள் தைரியமாகத் தோண்டலாம். செம்பு இல்லாவிட்டால் கோபால்ட்டாவது அகப்படும்.

வரமா, சாபமா? இந்தக் கேள்வியை அவர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கேட்டு வருகிறார். பதில் மட்டும் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அடுத்த கருத்தரங்கை எதை வைத்து நடத்துவது? எதைக் கேட்டாலும், "இத நாம மூணு கோணத்துல பாக்கணும்" என்று ஆரம்பிப்பார். மூன்றாவது கோணம் முடியும் இடத்தில் நான்காவது கோணம் குட்டி போட்டிருக்கும். "கச்சாப் பொருளா ஏத்துமதி பண்ணக் கூடாது, மதிப்பைக் கூட்டி விக்கணும்" என்பது அவருடைய தாரக மந்திரம். அதைத் தம் வாழ்க்கையில் கடைப்பிடிக்கவும் செய்கிறார்: போன வருடம் நைரோபியில் பேசிய உரையில் ஊர்ப் பெயரை மாற்றி, தேதியை மாற்றி, மதிப்பைக் கூட்டி, இந்த வருடம் டகாரில் பேசுவார். சுரங்கத்துக்குள் மட்டும் இறங்கமாட்டார். தூசி ஒத்துக்கொள்ளாது.

இந்த இனத்தில் முதல் தரமான ஆள் லாசன் கபாசோ. கிட்வே நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கமுஷிலிக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. மகன் தலைநகர் லுசாகாவில் வீடு கட்டி, விமான நிலையங்களில் குடியிருந்தார். எல்லோரும் அவரை டாக்டர் என்று அழைத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டவர்களை அவர் பெரிய மனதோடு மன்னித்தார்.

கமுஷிலிச் சுரங்கம் பல வருடம் மூடிக் கிடந்து, புதிதாக ஒரு கம்பெனி வந்து அதைத் திறந்தது. ஊரே கொண்டாடியது. ஆண்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. பெண்களுக்கு, வேலைக்குப் போகிற ஆண்களைப் பார்த்துச் சந்தோஷப்படும் வாய்ப்புக் கிடைத்தது. கபாசோவின் அக்கா பெலிஸ்தஸுக்கு அந்தச் சந்தோஷம் போதவில்லை. மாதாகோவிலின் பக்கத்து அறையில் இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கால்மிதித் தையல் இயந்திரங்களில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள் அவள். சுரங்கத் தொழிலாளிகளின் உடுப்போ கப்பலில் வந்தது. எந்த நாட்டு ராட்சதர்களை அளவெடுத்துத் தைத்தார்களோ, கை நீளம் விரலைத் தாண்டித் தொங்கியது. கால் நீளம் தரையைப் பெருக்கியது. அடுத்த மூன்று வருடத்துக்கும் அதே உடுப்புக்குக் கம்பெனி கையெழுத்துப் போடப் போகிறது என்று செய்தி வந்ததும், பெலிஸ்தஸ் தம்பிக்கு போன் போட்டாள்.

"டேய் லாசன், சனிக்கிழமை சுரங்கத்து மன்றத்துல ஊர்க் கூட்டமாமே. நீதானே பேசுற?"

"தலைமை உரையே நான்தான்கா."

"தலையோ காலோ. எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேணும். 'சுரங்கத்து உடுப்ப கமுஷிலிப் பொம்பளைங்க தைக்கட்டும்.' அவ்வளவுதான். சொல்லிட்டு உக்காந்துடு."

"தாராளமா சொல்லிடலாம்கா. ஆனா அதுக்கு ஒரு பின்னணி..."

"பின்னணி எல்லாம் வேணாம்டா. கண்ணு முன்னாடி இருக்கறதச் சொல்லு."

கபாசோ கெட்டவர் அல்ல. அம்மா சந்தையில் தக்காளி விற்கப் போனபோது அவரை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவள் இந்த அக்காதான். அவளுக்காக அந்த வாக்கியத்தைச் சொல்லியே தீருவது என்று முடிவு செய்தார். தம் உரையின் படவரிசையில் அதற்கு ஓர் இடமும் ஒதுக்கினார். கடைசிக்கு முந்தின படம்.

சனிக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. பெலிஸ்தஸின் பெண்கள் ஒரே நிறச் சிட்டெங்கே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சுரங்க மேலாளர் சிகாஸ்வே. நல்ல மனிதர். ஆனால் தாமே ஒரு முடிவு எடுப்பது என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

டாக்டர் எழுந்தார். ஆதி மனிதன் முதன்முதலில் பச்சை நிறக் கல் ஒன்றை எடுத்து வியந்து பார்த்த காலையிலிருந்து ஆரம்பித்தார்.

சிறிது நேரம் கழித்து, பெலிஸ்தஸின் பக்கத்தில் இருந்த லவ்னெஸ் மெதுவாகக் கேட்டாள். தையல் அறையிலேயே ஊசியை விடக் கூர்மையான வாய் அவளுடையது.

"அக்கா, நம்ம வாக்கியம் எப்ப வரும்?"

"இப்பதான் வெள்ளைக்காரன் கப்பல் ஏறியிருக்கான். கொஞ்சம் பொறு."

வெள்ளைக்காரன் வந்தான், தோண்டினான், போனான். சுதந்திரம் வந்தது. செம்பு விலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. திரையில் ஐந்து அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்தின. சிகாஸ்வே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பிறகு, கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தார். வளர்ச்சி நீடிக்குமோ நீடிக்காதோ, உரை நீடித்தது.

அப்போது மின்சாரம் போயிற்று.

எந்தெந்த ஊருக்கோ மின்கம்பியாகப் போகிற செம்பைத் தோண்டும் ஊர் எங்கள் ஊர். ஆகவே யாரும் ஆச்சரியப்படவில்லை. மின்விசிறி நின்றது, ஒலிபெருக்கி நின்றது, திரையில் இருந்த ஐந்து அம்புக்குறிகளும் அணைந்தன. டாக்டரும் நின்றுவிட்டார். படம் இல்லாமல் அவருக்குப் பேச்சு ஓடாது. வெளிச்சம் கண்ணில் அடிக்காததால், எதிரே இருந்த முகங்கள் முதல்முறையாக அவருக்குத் தெரிந்தன. அதில் ஒரு முகம் எழுந்து நின்றது.

"லாசன்! உடுப்பு!"

சின்ன வயதில் ஓடையில் ஆழத்துக்குப் போகும்போது அதட்டிக் கூப்பிட்ட அதே குரல். அவருடைய வாய் தானாகத் திறந்தது.

"சுரங்கத்து உடுப்ப... நம்ம கமுஷிலிப் பொம்பளைங்க தைக்கட்டும்."

கூரை பெயர்வது போலக் கைதட்டல். சிகாஸ்வேயே எழுந்துவிட்டார்.

"இத ஏன் டாக்டர் முதல்லயே சொல்லல? நல்ல யோசனை. திங்கக்கிழமை ஒரு மாதிரி உடுப்பு கொண்டுவரச் சொல்லுங்க. பாத்துட்டு இங்கேயே வாங்கிக்கலாம்."

பின்வரிசையில் குலவை எழுந்தது. லவ்னெஸ் நாற்காலி மேல் ஏறி ஆடினாள். கபாசோ மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு லேசானது போல இருந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். இனி அவர் எதற்கு?

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. திரையில் ஐந்து அம்புக்குறிகளும் பளிச்சென்று முளைத்தன.

அவரால் தாங்க முடியவில்லை. குடிகாரன் முன்னால் யாரோ குவளையை வைத்துவிட்டுப் போனது போல் ஆயிற்று.

"மேலாளருக்கு என் நன்றி. ஆனா ஒரு சின்ன விஷயம். உடுப்புங்கறது தனியா நிக்கற ஒண்ணு இல்ல. இத நாம மூணு கோணத்துல பாக்கணும். தரம் எப்படி? உற்பத்தித் திறன் எப்படி? இவங்களுக்குப் பயிற்சி குடுத்தாச்சா? ஆழமான ஆய்வு இல்லாம அவசரப்பட்டு எடுக்கற முடிவு நீடிக்காது. படிப்படியா போகணும்."

சிகாஸ்வேயின் முகத்தில் காய்ச்சல் இறங்கிய தெளிவு வந்தது.

"டாக்டர் சொன்னா சரிதான். அவசரம் வேணாம். முதல்ல ஆய்வு. டாக்டரே தலைமை தாங்கட்டும். அது முடியற வரைக்கும் கப்பல் உடுப்பே வரட்டும்."

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் லவ்னெஸ் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

பேட்டி, புகைப்படம், கைகுலுக்கல் எல்லாம் முடிந்து பார்த்தால் விருந்து மேசையில் எலும்புதான் மிச்சம். கபாசோ பசியோடு அக்கா வீட்டுக்குப் போனார். முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சோளக்களியைக் கப்பெண்டா என்னும் பொடிமீன் கருவாட்டுக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசம் மூக்கைத் துளைத்தது.

"அக்கா, பசிக்குது."

பெலிஸ்தஸ் நிமிர்ந்து பார்த்தாள். "எந்த மாதிரி பசி? குறுகிய காலப் பசியா, நீண்ட காலப் பசியா?"

"அக்கா..."

"அவசரப்பட்டுப் போடற சோறு நீடிக்காதுடா. லவ்னெஸ், டாக்டருக்குக் களி வைக்கலாமா? நீ என்ன சொல்ற?"

"வயித்துக்குக் கொள்ளுற திறன் இருக்கான்னு பாக்கணும்கா. சாப்பிடறதுக்குப் பயிற்சி எடுத்திருக்காரா?"

கபாசோ சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை என்பதை அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

"உன் வாயால குடுத்து, உன் வாயாலயே புடுங்கிட்டியேடா," என்றாள் அவள். "இருபது வீட்டுல இன்னிக்கு அடுப்பு சிரிச்சிருக்கும்."

தட்டில் களியை வைத்து அவர் முன்னால் தள்ளினாள். அவர் அதைத் தொடவில்லை. ஒரு கோணம்கூடச் சொல்லாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஆற்றிய உரைகளில் ஆகச் சிறந்தது அதுதான் என்று பிற்பாடு லவ்னெஸ் சொன்னாள்.

திங்கட்கிழமை, டாக்டர் லுசாகாவுக்குப் போன பிறகு, பெலிஸ்தஸும் மற்ற பெண்களும் தையல் இயந்திரங்களைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுரங்க வாசலுக்கு எதிரே இருக்கும் மாமரத்தடியில் இறக்கினார்கள். காலை ஷிப்டு வேலை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கைப்பகுதியை நாலைந்து மடிப்பு மடித்துவிட்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சேற்றில் நடக்கும் கொக்குகளைப் போல வந்தார்கள்.

"அண்ணே, இங்க வாங்க. கைய நீட்டுங்க," என்றாள் பெலிஸ்தஸ்.

கத்தரிக்கோல் ஒரு கடி கடித்தது. லவ்னெஸின் இயந்திரம் கடகடத்தது. அந்த ஆள் போட்டுப் பார்த்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காணாமல்போன தம் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர். வரிசை வளர்ந்து வாசலை அடைத்தது. உள்ளே போக வேண்டியவர்களும், "எனக்கும் கொஞ்சம் வெட்டிவிடும்மா" என்று அதில் நின்றுகொண்டார்கள். ஆளேற்றும் பேருந்து ஒலி எழுப்பிப் பார்த்து ஓய்ந்தது. சிகாஸ்வே ஓடிவந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"ஆய்வு சார்," என்றாள் பெலிஸ்தஸ், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "டாக்டர் சொன்னாருல்ல, ஆழமான ஆய்வு வேணும்னு. நடக்குது."

"தரம், திறன் எல்லாம் பாத்துக்கோங்க சார்," என்றாள் லவ்னெஸ். "பயிற்சி வேணும்னா கப்பல்காரனுக்கு நாங்க குடுக்கறோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு தொழிலாளி தம் கையை மேலாளரின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க சார், என் கை! ஊர்ல விட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சேன்."

சிகாஸ்வேக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துவிட்ட மனிதருக்குக் காய்ச்சல் வருவது கடினம். காலை வேலைக்காரர்களின் உடுப்பை மட்டும் முதலில் இவர்களே தைக்கட்டும் என்று அங்கேயே சொன்னார். தலைமையகத்துக்கு, "ஆய்வு வெற்றிகரமாக முடிந்தது" என்று தெரிவித்தார். மழைக்காலம் முடிவதற்குள் மதிய வேலைக்காரர்களின் உடுப்பும் மாதாகோவில் அறைக்கு வந்தது. இரவு வேலைக்காரர்கள் இன்னும் கப்பல் உடுப்பில்தான் சுருண்டு கிடக்கிறார்கள். பெலிஸ்தஸ் அதற்கும் ஓர் ஆய்வு வைத்திருக்கிறாள்.

விஷயம் கேள்விப்பட்ட கபாசோ மெய்யாகவே ஆனந்தப்பட்டார். போனில் அக்காவிடம் சரியாகப் பேசக்கூட வரவில்லை; குரல் உடைந்துவிட்டது. அடுத்த மாதம் அடிஸ் அபாபாவில் உடைந்த குரல் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு பெரிய திரையில், மாமரத்தடியில் தைத்துக்கொண்டிருக்கும் பெலிஸ்தஸின் படம் வந்தது. அதன் மேல் ஐந்து அம்புக்குறிகள். கீழே ஒரு தலைப்பு: 'உள்ளூர்ப் பெண்களை வளர்ச்சியில் இணைத்தல்: கபாசோ அணுகுமுறை.' எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் காணொளியை அவர் அக்காவுக்கு அனுப்பிவைத்தார். இயந்திரத்தை மிதித்துக்கொண்டே அவளும் பார்த்தாள்.

"நல்லாத்தான் பேசுறான்," என்று லவ்னெஸிடம் சொன்னாள். "யாரப் பத்திடி பேசுறான்?"

எங்கேயோ செம்பு தோண்டுகிற ஊரில் நடந்ததுதானே என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. உட்காருங்கள். ஆனால் போன வாரம் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னபோது, அந்தக் காலத்துக் குழாய்களின் பெருமையைப் பற்றி அரை மணி நேரம் பேசியது யார்? பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டதற்குக் கல்வித் திட்டம் முழுவதையும் சீர்திருத்தியது யார்? அது நீங்கள் இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையைப் படித்து வரும்போது, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா இத இன்னொரு கோணத்துலயும் பாத்திருக்கலாமே' என்று எங்கேயாவது ஓர் இடத்தில் தோன்றியதா?

தோன்றியதா! அப்படியானால் கோட்டைத் தேய்த்து வையுங்கள். டகாரில் உங்களுக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.