ரெட்டை மூக்குப் பாட்டுக்காரர்

மீரான் மைதீன் பூதக்கண்ணாடியை வைத்து மறுபடியும் எண்ணிப் பார்த்தார். ஒரு மூக்குதான் இருந்தது.

“முத்துக்கருப்பா, இன்னொரு மூக்கு எங்கனப்பா?”

மெஷின்மேன் முத்துக்கருப்பன் கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். தாளைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார்.

“மனுசனுக்கு ஒரு மூக்குத்தான பாய்?”

“இந்த மனுசனுக்கு ரெண்டு. சாம்பிளைப் பாரு.”

மேஜை மேல் முறம் அகலத்துக்கு ஒரு பழைய இசைத்தட்டு உறை கிடந்தது. காப்பர் அங்கிள்ஸ் என்ற வெள்ளைக்காரக் கூட்டம் முப்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட பாட்டுத்தட்டின் உறை. சாதாரணப் பாட்டு இல்லை, ராக். அதைக் கேட்டுத் தலையை ஆட்டியவர்கள் எல்லாம் இப்போது தாத்தா ஆகி, தலை தானாகவே ஆடுகிற பருவத்துக்கு வந்துவிட்டார்களாம். அவர்களுக்காக அந்தத் தட்டை முப்பதாம் ஆண்டு விழாப் பதிப்பாக மறுபடியும் போடுகிறார்கள். உறை அச்சடிக்கும் வேலை, சென்னை ஏஜெண்டு இராமகிருஷ்ணன் கைவழியாகச் சிவகாசிக்கு வந்து, இத்தனை பெரிய பிரஸ்களைத் தாண்டி மீரான் மைதீனின் ஒற்றை மெஷின் கொட்டகையில் இறங்கியிருந்தது.

உறை முழுக்க அந்தக் கூட்டத்துப் பாடகரின் முகம். அதில் சிவப்பு மட்டும் தன் பாட்டுக்கு வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. அதனால் அவருக்கு இரண்டு மூக்கு, நான்கு கண், உதட்டுக்குப் பக்கத்தில் துணைக்கு ஓர் உதடு. போதாததற்குக் கீழ் மூலையில் பச்சை மையில் யாருடைய கட்டைவிரல் ரேகையோ பதிந்திருந்தது.

நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்காருவதற்குச் சிவகாசியில் ரிஜிஸ்டர் என்று பெயர். ரிஜிஸ்டர் தப்பினால் மெஷின்மேனுக்கு மானம் தப்பிய மாதிரி. ஏஜெண்டு சாம்பிளோடு நான்கு நிறத்துக்கும் புத்தம்புது ஃபிலிம் அனுப்பியிருந்தார். பார்ட்டியின் வெளிநாட்டுத் தாளும் கட்டுக் கட்டாக வந்திருந்தது. முத்துக்கருப்பன் வழக்கம்போல மயிரிழை பிசகாமல் ஒரு கட்டு அடித்துவிட்டார். முகம் நிலா மாதிரி இருந்தது.

“நல்லாத்தான பாய் இருக்கு?”

“நல்லா இருக்கு. சாம்பிள் மாதிரி இல்ல.”

“பாய், அது ரிஜிஸ்டர் அவுட்டு. எவனோ குடிச்சிட்டு அடிச்சிருக்கான்.”

“முத்துக்கருப்பா, மூணு கால் சேவலை மறந்துட்டியா?”

முத்துக்கருப்பன் துணியை எடுத்து மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மூணு கால் சேவல் வடக்கத்தித் தீப்பெட்டி ஒன்றின் லேபிள். பார்ட்டி கொடுத்த சாம்பிளில் சேவலுக்கு மூன்று கால் இருந்தது. பாவம், படம் போட்டவன் தவறு என்று மீரான் மைதீன் ஒரு காலை எடுத்துவிட்டு ஒழுங்கான சேவலாக அடித்து அனுப்பினார். போன லோடு அப்படியே திரும்பி வந்தது. அந்த ஊர் ஜனங்கள் பரம்பரையாகக் காலை எண்ணித்தான் தீப்பெட்டி வாங்குவார்களாம். இரண்டு கால் என்றால் போலி. அவருடைய மனைவி பைரோஜா இன்றைக்கும் அந்த இரண்டு கால் சேவலைக் கிழித்துத்தான் அடுப்புப் பற்றவைக்கிறாள். அன்று மீரான் மைதீன் ஒரு முடிவுக்கு வந்தார். சாம்பிளில் இருப்பது சரி. இல்லாதது தப்பு.

அதுவுமில்லாமல் இது சாதாரண ஆர்டரா? இதைக் கச்சிதமாக முடித்துக் கொடுத்தால் இன்னும் பல கூட்டத்தாரின் பழைய தட்டு உறைகள் வருஷம் முழுக்க வரும் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் விருதுநகரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பைரோஜாவின் தம்பி அசாருதீன் காத்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், காலண்டர் சீசன் முடிஞ்சா உங்க மெஷின் பாதி வருசம் தூங்குது. அதை வித்துட்டு என் கடைக்கு வந்துருங்க. கல்லாவுல உக்காந்தாப் போதும். அதுவும் மெத்தை மேலயே உக்காரலாம்.”

மெஷினை வாங்க ஓர் ஆளைக்கூடப் பிடித்து வைத்திருந்தான். மச்சினன் கடையில், மச்சினன் மெத்தையில், மச்சினன் வாங்கித் தரும் டீயைக் குடிப்பதை நினைத்தாலே மீரான் மைதீனுக்கு இடுப்பு வலித்தது.

ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

“தம்பி, அந்த அட்டை விசயமா…”

“பாய், அந்த அட்டையைக் கண்ணுக்கு முன்னாடியே வச்சுக்கங்க! முப்பது வருஷமா அவங்க மறக்க முடியாத அட்டை அது. இன்னொரு லைன் வருது, வைக்கிறேன்.”

போதாதா? சாயங்காலம் வீட்டில் மகள் சனாவிடம் உறையைக் காட்டினார். அவள் மதுரையில் காலேஜ் படிக்கிறவள்.

“அத்தா, ராக்குன்னா இப்படித்தான் இருக்கும். பாக்குறவனுக்கு மண்டை காயணும்.”

“உங்க அத்தாவைப் பாத்தாலே எனக்கு மண்டை காயுது. எம்பாட்டுக்கும் அட்டை போடுவாகளான்னு கேளு” என்றாள் பைரோஜா அடுப்படியிலிருந்து.

மறுநாள் காலை மீரான் மைதீன் மெஷின் முன்னால் நின்று உத்தரவு போட்டார்.

“செவப்பு பிளேட்டை வலது பக்கமா ஒரு நெல்லு அகலம் தள்ளு.”

முத்துக்கருப்பன் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். முதல் தாளில் அருமையாக இரண்டு மூக்கு வந்தது. மீரான் மைதீன் நிம்மதியாக டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அடுக்கின் அடியில் இரண்டு மூக்கு, நடுவில் ஒன்றரை, மேலே ஒன்று.

“என்ன முத்துக்கருப்பா இது?”

“நான் ஒண்ணும் செய்யல பாய். கை தானாப் போய்த் திருகிருது. இம்புட்டு வருசப் பழக்கம். வேணும்னா கைய வெட்டுங்க.”

கையை வெட்டினால் காலண்டர் யார் அடிப்பது? ஒற்றை மூக்குத் தாளையெல்லாம் பார்ட்டி கண்ணில் படாமல் ஒழிக்க வேண்டும் என்று அச்சங்குளம் பட்டாசு கம்பெனிக்குக் குழாய் சுருட்டத் தள்ளிவிட்டார். வேஸ்ட் தாள் எடுக்கும் செல்லப்பாண்டி தடவிப் பார்த்து மயங்கினார்.

“தாளு அருமை பாய். இன்னும் தப்பா அடிச்சீகன்னா சொல்லியனுப்புங்க.”

தாள் பாதி காலியாகிவிட்டது. நல்ல மெஷின்மேனால் இது ஆகாது என்று மீரான் மைதீனுக்கு விளங்கியது. மட்டமான மெஷின்மேன் வேண்டும். சிவகாசியில் நல்லவன் தெருவுக்கு ஒருத்தன் கிடைப்பான்; மட்டமானவனுக்குத்தான் அலைய வேண்டும். அலைந்து, மல்லாங்கிணற்றுப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கண்ணுச்சாமியைக் கண்டுபிடித்தார். கண்ணுச்சாமி வேலை பார்த்த பிரஸ் எல்லாம் அவரைக் கும்பிட்டு அனுப்பியவை. அவர் அடித்த ஜவுளிக்கடைக் காலண்டரில் பெண்ணின் பொட்டு பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை நெற்றியில் இருந்ததாம்.

“கண்ணுச்சாமி, உங்க கைவரிசை எனக்கு வேணும். உங்களை விட்டா இந்த வேலைக்கு ஆள் இல்ல.”

கண்ணுச்சாமியிடம் அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து யாரும் சொன்னதில்லை. ஆடுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார். மெஷினைத் தொட்டுக் கும்பிட்டார். ஒரு கட்டு அடித்து முடித்தார்.

மீரான் மைதீன் பூதக்கண்ணாடியை வைத்தார். ஒரு மூக்கு. முத்துக்கருப்பனே அப்படி அடித்ததில்லை.

“பாய், என்னைய நம்பிக் கூப்பிட்ட ஒரே மொதலாளி நீங்கதான்” என்றார் கண்ணுச்சாமி. “உங்க பேரைக் கெடுப்பேனா?”

மீரான் மைதீனால் திட்டவும் முடியவில்லை. தட்டிக்கொடுத்துவிட்டு, அவர் மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “இப்ப இன்னொரு கட்டு அடிங்க” என்றார்.

அந்தக் கட்டில் பாடகரின் இரண்டாவது மூக்கு காதுக்குப் போய்விட்டது.

செல்லப்பாண்டியின் வண்டி மறுபடியும் வந்தது. கண்ணுச்சாமி ஆட்டிடம் திரும்பினார், தலை நிமிர்ந்து. மிச்சம் இருந்தவை கடைசித் தாள்கள். சரியாக ஆர்டருக்கு மட்டுமே போதும், ஒரு தாள் வீணாகக் கூடாது.

“ஏலே மீரான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் மீரான் மைதீன். “மெத்தையா, மெஷினா?”

லுங்கியை மடித்துக் கட்டினார். சாம்பிளையும் சிவப்பு பிளேட்டையும் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் அளந்து அளந்து நகர்த்தினார். சரியான இடம் வந்ததும், முத்துக்கருப்பன் கை தொட முடியாதபடி பிளேட்டை நகர்த்தும் திருகாணியை நைலான் கயிற்றால் கட்டி முடிச்சுப் போட்டார். முத்துக்கருப்பன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“சாவு வீட்டுல நிக்கிற மாதிரி இருக்கு பாய். நான் திரும்ப மாட்டேன்.”

“திரும்பாத. மெஷினை மட்டும் ஓட்டு.”

மெஷின் ஓடியது. தாளுக்குத் தாள் இரண்டு மூக்கு, நான்கு கண். ஒரு பிசகு கூட இல்லாத பிசகு.

உறை ஒட்டும் சண்முகத்தாய் ஒரு தாளை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“மொதலாளி, இந்த ஆளுக்குச் சளி புடிச்சா எந்த மூக்கைச் சிந்துவாரு?”

“ரெண்டையும் சிந்துவாரு. நீ அந்தக் கட்டைவிரலைப் பாரு.”

கட்டைவிரல் ரேகைதான் பாக்கி. சண்முகத்தாயின் விரலைப் பச்சை மையில் தோய்த்து வைத்தார்கள். சிறிசு. முத்துக்கருப்பன் விரலில் ரேகையே இல்லை, மை தின்றுவிட்டது. மீரான் மைதீனின் விரல் கோணல். அந்த நேரம் பார்த்து அசாருதீன், மெஷின் வாங்குகிற ஆளோடு உள்ளே வந்தான்.

“மாப்ளே, கையக் குடு.”

கை கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நீட்டினான். மீரான் மைதீன் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துப் பச்சை மையில் அமுக்கித் தாளில் உருட்டினார். அச்சு அசல்.

“மச்சான்! எதுக்குக் கைநாட்டு வாங்குறீக? என் கடையை எழுதி வாங்கப் பாக்குறீகளா?”

மெஷின் வாங்க வந்த ஆள் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு அந்த ஊர்ப்பக்கமே வரவில்லை. அசாருதீனின் ரேகை அச்சுப் பிளாக் ஆகி எல்லா உறையிலும் ஏறியது.

பார்ட்டி வருகிற அன்று கொட்டகையில் தண்ணீர் தெளித்து, ஶ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வைத்து, உறைகளை மதில் மாதிரி அடுக்கியிருந்தார்கள். அசாருதீனும் வந்திருந்தான், தன் விரல் லண்டன் போகிற அழகைப் பார்க்க. மதுரையிலிருந்து கார் வந்து நின்றது. ஏஜெண்டு இராமகிருஷ்ணன் செல்போனோடு இறங்கி, சிக்னலைத் தேடி நேரே மொட்டைமாடிக்குப் போனார். அவருக்குப் பின்னால் நரைத்த குடுமியும் கம்புமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறங்கினார். சண்முகத்தாய்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

“ஆத்தீ, அந்தப் பாட்டுக்காரரேதான்! ஆனா ஒத்த மூக்குத்தான இருக்கு?”

“வயசாச்சுல்ல” என்றார் முத்துக்கருப்பன். “ஒண்ணு உதுந்திருக்கும்.”

மீரான் மைதீன் சாம்பிளை ஒரு கையிலும் புது உறையை ஒரு கையிலும் ஏந்திக் கிழவர் முன்னால் நீட்டினார். கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். எது பழசு, எது புதுசு என்று அவருக்கே தெரியவில்லை. கட்டைவிரல் ரேகையைத் தடவிப் பார்த்தார். அடுக்கிலிருந்து இன்னொன்றை உருவினார், அடியிலிருந்து மற்றொன்றை உருவினார். பிறகு அப்படியே மை டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

மீரான் மைதீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அசாருதீனைப் பார்த்துத் திரும்பினார்.

“பாத்தியா மாப்ளே? தொழில்னா இது. உன் மெத்தையைப் பாத்து எவனாவது அளுதிருக்கானா?”

அசாருதீன் தலையைக் குனிந்துகொண்டான். சுவர்ப்பக்கம் நின்ற முத்துக்கருப்பன்கூட வெட்கத்தோடு திரும்பினார். கிழவர் மீரான் மைதீனின் தோளைப் பற்றிக்கொண்டு, விசும்பலுக்கு நடுவில் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். மீரான் மைதீன் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

ஏஜெண்டு இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை. கார் டிரைவர் பெத்தணன் பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மதுரையில் வெள்ளைக்காரர்களுக்கே வண்டி ஓட்டி ஓட்டி அவர்கள் பேச்சு அவருக்கு அத்துப்படி.

“டிரைவர் தம்பி, ஐயா என்ன சொல்றாரு? நிறுத்தி நிதானமா, இந்த அசாருதீன் காதுல விளுகிற மாதிரிச் சொல்லுங்க.”

பெத்தணன் பால்கோவாவை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“‘முப்பது வருசமா ஊரெல்லாம் என்னைய ரெட்டை மூக்கன்னு சிரிச்சது போதும், சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது ஒத்த மூக்கோட வரட்டும்னுதான் இம்புட்டுச் செலவுல மறுபடி போடுறேன், இப்படி அடிச்சிராதீகன்னு காட்டத்தானய்யா அந்தப் பழைய அட்டையை அனுப்பி வச்சேன்’ங்கிறாரு பாய்.”