மஞ்சள் காட்டில் ஒரு பச்சை மூலை

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாகவும் நரி விதைத்துறைச் செயலாளராகவும் இருந்தன. கர்ஜிப்பது ராஜாவின் வேலை, மற்றதெல்லாம் நரியின் பாடு. அந்தக் காட்டு முயல்களுக்கு உளுந்துதான் சோறு. சில பருவங்களாக உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் புகுந்து, இலை மஞ்சளடித்து, காய் பிடிக்காமல் போனதால் முயல் குட்டிகள் பட்டினியாகப் படுத்தன.

பூவாத்தா என்ற அணிலுக்குப் பயிர் ஆராய்ச்சி உத்தியோகம். பாறை இடுக்கில் நோய் தொடாமல் நின்ற காட்டு உளுந்தின் மகரந்தத்தை எடுத்து வயல் உளுந்தின் பூவில் வைத்து, பொறுமையாக ஒட்டு ரகம் உண்டாக்கினாள். அதையும் வேறு சில ரகங்களையும் சோதனை வயலில் விதைத்து, இடையிடையே நோய்ச் செடிகளை வேண்டுமென்றே நட்டாள். நரியின் மச்சான் கொடுத்த கொழுத்த ரகமும் அங்கே இருந்தது.

ராஜா வயல் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. நரி முன்கூட்டியே வந்து பார்த்து முகம் சுளித்தது.

"ஏம்மா, ராசா வர்ற எடத்துல சீக்குச் செடிய நிக்க வச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?"

"அதுலேருந்துதான் அய்யா வெள்ளை ஈ மத்த செடிக்கு நோயக் கொண்டு போகும். எது தாங்குதுன்னு பாக்கத்தான் இந்த வயலே."

நரிக்கு அது காதில் ஏறவில்லை. நோய்ச் செடிகளைப் பிடுங்கி, வெள்ளை ஈ சாக மருந்தடித்து, வரப்புக்குச் சுண்ணாம்பும் அடிக்கவைத்தது. ராஜா வந்தபோது வயல் முழுக்கப் பச்சை. நோயே இல்லாத இடத்தில் எல்லா ரகமும் நோயை வென்றிருந்தன. ராஜா இருப்பதிலேயே கொழுத்ததைக் காட்டி, அதற்கு ராஜ உளுந்து என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார். மச்சானுக்கு மாலை விழுந்தது.

அடுத்த பருவம் காடெங்கும் ராஜ உளுந்து. பூவாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை, ராஜ உளுந்து வயல் ஒன்றின் மூலையில் தன் ஒட்டு விதை முழுவதையும் விதைத்தாள். வெள்ளை ஈ வந்தது, காடே மஞ்சளானது. மூலை மட்டும் பச்சையாக, காய் குலுங்க நின்றது. நரி நடத்தவிடாத சோதனையை ஈயே நடத்திக் கொடுத்துவிட்டது. பூரித்துப்போன பூவாத்தா தானே ஓடிப்போய் நரியை அழைத்து வந்தாள். பாவம், படித்தவள்.

நரி மஞ்சள் வயலைப் பார்த்தது, பச்சை மூலையைப் பார்த்தது, விதைத் தூய்மை விதியை நினைத்துக்கொண்டது. வயலில் மற்றவற்றைப்போல் இல்லாத செடி கலப்புச் செடி, அதைப் பிடுங்கியாக வேண்டும்.

"ராச உளுந்து வயல்ல கலப்படமா? புடுங்குங்க எல்லாத்தையும்."

பூவாத்தா குறுக்கே விழுந்து அழுதாள். நரியின் ஆட்கள் அவளைத் தூக்கி வரப்பில் வைத்துவிட்டுப் பிடுங்கினார்கள். வரப்போரம் குவித்த செடிகளைப் பசித்த முயல்கள் மொய்த்து, காயோடும் விதையோடும் தின்று தீர்த்தன. வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான் குட்டிகளுக்கு வயிறு நிறைந்தது. செயலாளர் நீடூழி வாழ்க என்று வாழ்த்திவிட்டு, மறுநாள் முதல் அவை மறுபடி பட்டினி கிடந்தன.

நீதி: ஊரே மஞ்சளாக இருக்கும்போது பச்சையாக நிற்பதும் ஒரு நோய்தான், அப்படி நின்றே தீரவேண்டுமென்றால், அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டாதே.